லேசர் சுட்டுகோலும் கண்ணின் பாதுகாப்பும்

பேனையளவான ஒரு சிறு கருவி. அதன் பொத்தானை அழுத்தியதும் நூலிழை போன்ற ஓர் ஒளிக்கதிர் பாய்ந்து, மண்டபத்தின் எதிர்ச்சுவரிலே சிவப்பாகவோ பச்சையாகவோ ஒரு புள்ளியை இடுகின்றது. விரிவுரையாளர் திரையிலுள்ள படங்களைச் சுட்டிக் காட்டுவதற்குக் கையாண்ட மரக்கோலின் இடத்தை இக்கருவி பெற்றுக்கொண்டது. லேசர் சுட்டுகோல் எனப்படும் இதனைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாகக் கருதுகின்றனர். பெற்றோரும் மின்சூள் போன்றதொன்றே என எண்ணி வாங்கிக் கொடுக்கின்றனர். இவ்வெண்ணம் பல இளங்கண்களுக்குக் கேடாய் முடிந்துள்ளது.

மின்சூளின் ஒளிக்கும் லேசர் ஒளிக்கும் உள்ள வேறுபாடு யாது? 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், கலிபோர்னியாவிலே தியடோர் மைமன் என்னும் பௌதிகவியலறிஞர் செயற்கை மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதன்முதலாக லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். மின்சூளின் ஒளி பல நிறங்கள் கலந்தது. செல்லச் செல்ல விரிந்து நலிவது. லேசர் ஒளியோ ஒரே நிறமுடையது. மிகச் சிறிதே விரிந்து, நெடுந்தூரம் வரையும் ஒடுங்கிய கற்றையாகச் செல்வது. அறுபது வாற்று மின்விளக்கைப் பார்த்துக் கண் கெடாதவன், வாற்றின் ஆயிரத்திலொரு பங்காகிய மில்லிவாற்றுகளால் அளக்கப்படும் இவ்வொளிக்கு ஏன் அஞ்சவேண்டும் என்று கேட்கலாம். விளக்கின் ஒளி எத்திசையும் பரவுகின்றது. அதில் மிகச் சிறு பங்கே கண்ணுட் புகுகின்றது. லேசர்க் கற்றை முழுவதும் கண்மணியினூடாக உள்ளே புகவல்லது. அவ்வாறு புகுந்த ஒளியைக் கண்வில்லை விழித்திரையில் ஓர் ஊசிமுனையிலும் சிறிய இடத்திற் குவிக்கின்றது. குவிந்தவிடத்தில் அதன் செறிவு ஏறத்தாழ ஓரிலட்சம் மடங்காகப் பெருகுகின்றது. நேரே கண்ணிற் பாயும் ஐந்து மில்லிவாற்று லேசர், சூரியனை நேரே நோக்குவதிலும் கூடிய செறிவை விழித்திரையில் உண்டாக்கும்.

விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட் பொட்டே நூல் வாசிப்பதற்கும், ஊசியிற் கோப்பதற்கும், எதிர் நிற்பவரின் முகத்தை அறிவதற்கும் உதவுவது. அங்கே வெந்துபோன ஒளியுணர் கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. விழித்திரைக்கு நோவை உணரும் நரம்புகள் இல்லாமையால், கேடு நிகழும் வேளையிற் சிறிதும் வலியிராது. கண் சிவப்பதுமில்லை, நீர் சொரிவதுமில்லை. பார்வையின் நடுவே ஒரு கறை தோன்றுவதை மாத்திரமே பாதிக்கப்பட்டவர் உணர்வர்.

2010ஆம் ஆண்டில் வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியான ஒரு செய்தி இதற்குத் தக்க சான்றாகும். சுவிற்சர்லாந்திலே பதினைந்து வயதுச் சிறுவனொருவன், பலூன்களைத் தொலைவிலிருந்து வெடிக்கச் செய்வதற்கும் காகிதத்தைத் துளைப்பதற்குமென இணையத்தின் வழியாக லேசர்க் கருவியொன்றை வாங்கினான். அதன் வலு 150 மில்லிவாற்று. கண்ணாடியின் முன் நின்று ஒளிக்காட்சி அமைத்து விளையாடிய வேளையில், தெறித்த கதிர் அவன் கண்களிற் பல முறை பட்டது. பார்வை மங்கியது. எனினும், தானாகவே தெளிந்துவிடும் என நம்பி அவன் உடனே எவரிடமும் கூறவில்லை. வைத்தியரிடம் வந்தபோது, ஒரு கண்ணால் ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்திற் காட்டிய விரல்களை எண்ணும் அளவிற்கே பார்வை எஞ்சியிருந்தது. சிகிச்சையாற் பார்வை பெரிதும் தேறியது. ஆயினும் விழித்திரையிலே வடுக்கள் தங்கிவிட்டன.

வாங்குவோர் முதற்கண் அறியவேண்டியது கருவியின் வகுப்பாகும். சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமப்படி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் தருவனவற்றுள் ஒரு மில்லிவாற்றுக்கு மேற்படாதன 2ஆம் வகுப்பின. கூசிய கண் கால் செக்கனுள் இமைத்து மூடுவதே இவ்வகுப்பிற்குப் போதிய காவலாகும். ஐந்து மில்லிவாற்று வரை செல்வன 3-ஆர் வகுப்பு. தற்செயலாகக் கணப்பொழுது பட்டால் தீங்கு அரிது, உற்று நோக்கினால் ஆபத்து. ஐந்துக்கு மேல் 500 மில்லிவாற்று வரையுள்ளன 3-பி வகுப்பு. இவற்றின் கதிர், இமை மூடுமுன்னரே கண்ணைச் சுட்டுவிடக்கூடும். அதற்கும் மேற்பட்டன 4ஆம் வகுப்பு. இவை தோலைச் சுடும். எளிதிற் பற்றும் பொருளை எரிக்கும். சுவரிற் பட்டுச் சிதறும் ஒளியுங்கூட அண்மையில் நிற்பவரின் கண்ணுக்கு ஊறு செய்யலாம்.

ஆயின், கருவியில் ஒட்டிய சீட்டை அப்படியே நம்பலாமா? அமெரிக்காவின் தேசிய நியமங்கள் தொழில்நுட்ப நிறுவனம் 122 சுட்டுகோல்களைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. பச்சை நிறத்தனவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறும், சிவப்பு நிறத்தனவற்றுள் நூற்றுக்கு 44உம் பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்தனவல்ல. பச்சைக் கருவிகள் பலவற்றில் வேறொரு மறைவான தீமையும் உண்டு. அவற்றினுள்ளே முதலிற் பிறப்பது கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிரே. பளிங்குகளின் உதவியால் அது பச்சையாக மாற்றப்படுகின்றது. மாறாது எஞ்சிய கதிரைத் தடுக்கும் வடிகட்டி மலிவான கருவிகளில் இல்லாதிருக்கலாம். அப்போது கண் கூசாமலே, இமை மூடாமலே, விழித்திரை சுடப்படும். நீல நிறக் கருவிகளும் ஏமாற்றுவன. மனிதக் கண் பச்சையை நன்கு உணர்வதுபோல நீலத்தை உணராது. ஆதலால், மிகுந்த வலுவுள்ள நீலக் கதிரும் மென்மையானதாகவே தோற்றும்.

ஆகவே, வாங்குவோர் தம் தேவையை முதலில் வரையறுத்தல் வேண்டும். வகுப்பறையிலும் மண்டபத்திலும் சுட்டிக் காட்டுவதற்கு ஒரு மில்லிவாற்றே போதும். இரவில் விண்மீன்களைக் காட்டுவதற்கும் ஐந்து மில்லிவாற்றுக்கு மேற்பட்டது வேண்டியதில்லை. வகுப்பு, அலைநீளம், உச்ச வலு, ஆக்கியோன் பெயர் ஆகியன தெளிவாகப் பொறிக்கப்படாத கருவியைத் தவிர்த்தலே நன்று. "காகிதத்தை எரிக்கும், தீக்குச்சியைப் பற்றவைக்கும்" என்னும் விளம்பரத்தை, "கண்ணையும் எரிக்கும்" என்று வாசித்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஆராய்ச்சிக்கோ தொழிலுக்கோ வலுமிக்க கருவி தேவைப்படுமாயின், திறப்பினால் மாத்திரம் இயங்குவதைத் தெரிந்தெடுத்தல் நன்று. அதன் அலைநீளத்திற்கென அமைந்த காப்புக் கண்ணாடியையும் உடன் வாங்குதல் வேண்டும். பச்சைக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி சிவப்புக் கதிரைத் தடுக்காது. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்குச் சிறிதும் உதவாது. வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, சிறுவர் கைக்கெட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும்.

கதிர் செல்லும் வழியில் கண்ணாடி, யன்னல், பளபளப்பான உலோகம் முதலியன இருத்தலாகாது. வாகனங்களை நோக்கியும் ஆகாய விமானங்களை நோக்கியும் அதனைப் பாய்ச்சுதல் பெருந்தீங்கு. தொலைவிலே விரிந்த கதிர் விமானத்தின் முன்கண்ணாடி முழுவதும் சிதறி, இறங்கும் வேளையில் விமானியின் பார்வையை மறைத்துவிடும். ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் 2023ஆம் ஆண்டில் இத்தகைய 13,304 நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டன. 2008இல் சிட்னி விமான நிலையத்தருகே விமானங்கள்மீது கதிர் பாய்ச்சப்பட்டதன் பின்னர், ஒரு மில்லிவாற்றுக்கு மேற்பட்ட சுட்டுகோல்களின் இறக்குமதியை அவுஸ்திரேலியா கட்டுப்படுத்தியது.

கண்ணிற் கதிர் பட்டதாக ஒரு பிள்ளை கூறினால், புறத்தே கண் தெளிவாயிருக்கின்றது என்று வாளாவிருத்தல் தகாது. பார்வையில் மங்கலோ கறையோ இருப்பின், கருவியையும் எடுத்துக்கொண்டு கண் வைத்தியரிடம் தாமதமின்றிச் செல்லுதல் வேண்டும். பிள்ளையைக் கடிந்துகொள்வதும் அவ்வேளையிற் பொருந்தாது. நோவு இல்லாத இக்காயத்தைப் பிறர் அறிவதற்குப் பிள்ளையின் வாய்மொழியன்றி வேறு வழியில்லை. அச்சம் அவ்வாயை அடைத்துவிட்டால் வைத்தியத்திற்குரிய காலமும் கடந்துவிடும்.