மடை திறந்தால் விழிக்கும் அணுக்கள்

அச்சன்புதூரில் காய்ச்சல் கண்டு ரத்தப் பரிசோதனை செய்தவர்கள், ரிசல்ட் கைக்கு வந்ததும் வெள்ளையணு எத்தனை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருந்தால் நிம்மதி. ஆனால் அந்த அணுக்கள் வேலைக்கு எழுகின்றனவா என்பதை அந்தத் தாள் சொல்லாது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்று மருத்துவ உலகுக்குக் காட்டியவர்கள், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத சில குழந்தைகள். அவர்கள் ரத்தத்தில் டி-அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் இருந்தன. கிருமி வந்தபோது அவை எழவில்லை. காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற அஞ்சனா ராவ். 2006இல் அவரது குழு கண்டறிந்தது, அணுவின் மேல்தோலில் இருக்கும் ஒரு கால்சியம் கதவை. ஒரே ஒரு மரபணு எழுத்து மாறியதால் அந்தக் குழந்தைகளுக்கு அது திறக்கவில்லை. சொர்க்கவாசலைக் காக்கும் கிரேக்கத் தேவதைகளின் பெயரில் அதற்கு 'ஓராய்' என்று பெயரிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு மடை என்றால் உடனே விளங்கும்.

குளம் நிறைந்திருக்க, மடை அடைத்திருந்தால் வயல் காய்ந்தே கிடக்கும். ஓய்வில் இருக்கும் அணுவும் அப்படித்தான். வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. டி-அணுவின் மேல் இருக்கும் ஏற்பி, கிருமியின் துண்டு ஒன்றை அடையாளம் கண்டதும் உள்ளே சில நொதிகள் விழிக்கின்றன. அவற்றில் ஒன்று சவ்வின் கொழுப்பை வெட்டி, ஐ.பி.-3 என்ற சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது. அது அணுவுக்குள்ளேயே சேமித்திருக்கும் கொஞ்சக் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. அந்தச் சேமிப்பு வற்றியதை 'ஸ்டிம்' என்ற புரதம் உணர்ந்து, மேல்தோல் பக்கம் நகர்ந்து ஓராய் மடையைத் திறக்கிறது. பிறகுதான் உண்மையான பாய்ச்சல்.

பாய்ந்த கால்சியம் கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்புகிறது. 'என்ஃபேட்' என்ற புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகளை அது கழற்றிவிட, என்ஃபேட் கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை இயக்குகிறது. அணு பெருகத் தொடங்குகிறது. மடையை அடைத்தால் சில நிமிடங்களிலேயே என்ஃபேட் கருவை விட்டு வெளியேறிவிடும். அதனால் ஒரு நொடிப் பாய்ச்சல் போதாது, மணிக்கணக்கில் கால்சியம் வரவேண்டும். ஏற்பியின் சைகையோடு வேறொரு துணைச் சைகையும் வேண்டும். இத்தனை காவல் இருப்பது நல்லதுதான். காரணமில்லாமல் விழித்த வெள்ளையணு சொந்த உடம்பையே தாக்கும்.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்ற விஷயமில்லை. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றியது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, 1971இல். பொருத்திய உறுப்பை அந்நியன் என்று டி-அணு நினைப்பதுதான் அன்று முதல் இன்று வரை உள்ள பெரிய சிக்கல். நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சை தந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 1980களில் நிலைமையை மாற்றியது. 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. இரண்டும் எங்கே அடிக்கின்றன என்பது 1991இல்தான் தெரிந்தது: அதே கால்சிநியூரினில். மடை திறந்தாலும் நீர் வயலுக்குப் போகாமல் வாய்க்காலை அடைக்கிற வேலை.

உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு ரத்தத்தில் இறங்கினால் கால்சிநியூரின் மறுபடி எழும். உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்போதே உள்ளே உறுப்பை நிராகரிக்கும் வேலை தொடங்கிவிடலாம். அளவு ஏறினாலும் ஆபத்து. பம்பளிமாஸ் பழம் இந்த மாத்திரையின் அளவை ஏற்றிவிடும், வயிற்றுப்போக்கும் ஏற்றலாம்.

உங்கள் வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். குற்றாலத்தில் சீசன் களைகட்டி வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும் நாளிலும் ஒரு வேளை தவறக்கூடாது. அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும் காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடச் சொல்லுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் நீங்களாகவே இரட்டிப்பாகக் கொடுக்காமல், உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.