சிறுவர் கதைத் திரைப்படங்களில் விகாரமும் சமூக விமர்சனமும்

முன்னுரை

பேய், பூதம், கொடுங்கோல் மன்னன், பருத்த அமைச்சன் ஆகியோர் சிறுவர் கதைகளில் அடிக்கடி வருபவர்கள். சிரிப்பும் அச்சமும் அருவருப்பும் ஒருங்கே எழுமாறு உருவத்தையோ செயலையோ மிகைப்படுத்திக் காட்டுவதே விகாரம் எனப்படும். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் நகை, இளிவரல், அச்சம் ஆகிய மூன்றும் இதில் கலந்து நிற்கின்றன. கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைப்பதும் இவ்வகையினதே. இத்தகைய கதை திரைப்படமாகும்போது விகாரம் சமூக விமர்சனத்திற்குக் கருவியாவதைச் சத்யஜித் ராயின் படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

பேய்களின் ஆட்டம்

ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழை 1913-இல் தொடங்கியவர். அவர் எழுதிய சிறுவர் கதையை ராய் 1969-இல் 'கூப்பி கைன் பாகா பைன்' என்னும் படமாக்கினார். ஊரைவிட்டு விரட்டப்பட்ட பாடகன் கூப்பியும் மேளக்காரன் பாகாவும் காட்டில் பேய்களைச் சந்திக்கின்றனர். பேய்கள் அரசர், எளிய மக்கள், வெள்ளையர், பருத்த உடலினர் என நான்கு கூட்டங்களாக ஆடுகின்றன. இப்பகுப்பு ராய் படத்திற்காக அமைத்தது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் ஆகிய தென்னிந்தியத் தாளக் கருவிகளே இந்த ஆட்டத்திற்கு ஒலிக்கின்றன. ஆட்டம் சண்டையாக முற்றுகிறது. முடிவில் நான்கு கூட்டங்களும் அடுக்கடுக்காகத் தோன்றுகின்றன. குழந்தை இதைப் பேயாட்டமாகக் காண்கிறது. பெரியவர் வங்காளச் சமூகத்தின் படிநிலையைக் காண்கிறார்.

பசியும் போரும்

ஹல்லா நாட்டு மன்னன் இயல்பில் சாது. அமைச்சன் மந்திரவாதியின் மருந்தால் அவனைப் போர்வெறியனாக்குகிறான். பகை நாடான சுண்டியின் மன்னன் அவனுடைய உடன்பிறந்தவன். இருவராகவும் சந்தோஷ் தத்தாவே நடித்தார். எதிரியின் முகமும் தன் முகமே என்பதை இதனால் படம் சொல்லாமல் சொல்கிறது. ஹல்லாவின் வீரர்கள் பட்டினியால் வாடுபவர்கள். வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்கியதும் ஆயுதங்களை விட்டு உண்ண ஓடுகின்றனர், போர் நின்றுவிடுகிறது.

வைர மன்னனின் நாடு

இதன் தொடர்ச்சியாக ராயே எழுதிய 'ஹீரக் ராஜார் தேஷே' 1980-இல் வந்தது. இதில் மன்னன் பள்ளியை மூடுகிறான், நூல்களை எரிக்கிறான், எதிர்த்துப் பேசுவோரை மூளைச்சலவை அறையில் அடைத்து, தன்னைப் புகழும் அடிகளை மனத்தில் பதிக்கிறான். விழா நாளில் ஏழைகள் விருந்தினர் கண்ணில் படாதவாறு அகற்றப்படுகின்றனர். 1975–77 நெருக்கடி நிலையை நினைவூட்டுவதாக இப்படம் பார்க்கப்படுகிறது. முடிவில் அதே அறையில் அடைக்கப்பட்ட மன்னன், தன் சிலையைத் தானே மக்களோடு சேர்ந்து இழுத்துச் சாய்க்கிறான்.

தமிழில்

சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி' (2006) தழுவல் அன்று. எனினும் சிறுவர் இதழ்களின் ராஜா கதை வடிவைக் கையாள்கிறது. சாதிச் சண்டைக்கென மன்னன் மைதானம் திறக்கும் காட்சியில் நகைச்சுவை கசப்பாக மாறுகிறது.

முடிவுரை

விகாரம் குழந்தையை மிரட்டுவதற்காக மட்டும் வருவதில்லை. அதிகாரத்தை நகைப்புக்குரிய உருவில் காட்டும்போது அதன் மீதுள்ள அச்சம் குறைகிறது. போருக்குப் பின்னால் பசியும், புகழுரைக்குப் பின்னால் கட்டாயமும் இருக்கக்கூடும் என்பதை இளம் பார்வையாளர் சிரித்துக்கொண்டே அறிகின்றனர்.