காத்திருக்கும் வேளையில் குறுந்தொகை

சிகிச்சைக் காலத்தில் நெடிய நூல்களில் மனம் ஊன்றுவது அரிது. இரண்டு பக்கம் கடப்பதற்குள் களைப்பு மேலிடும். அத்தகையோருக்குக் குறுந்தொகை ஏற்றது. அதன் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளே.

பழந்தமிழ் என்று அஞ்ச வேண்டாம். உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு துணைநிற்கும். முதலில் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்னும் குறிப்பைப் பாருங்கள். பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று தெரிந்தாலே பாதிப் பொருள் விளங்கிவிடும். பிறகு உரையைப் படித்துவிட்டுப் பாடலுக்குத் திரும்புங்கள். நோயாளி களைத்திருந்தால் உடனிருப்பவர் வாய்விட்டுப் படிக்கலாம்.

முல்லைத் திணைப் பாடல்களில், கார்காலம் வந்தும் திரும்பாத தலைவனுக்காகத் தலைவி காத்திருப்பாள். படுக்கையருகே விழித்திருப்போருக்கு அவள் குரல் அயலாகத் தோன்றாது.

நாளுக்கு ஒரு பாடல் போதும். மருந்தன்று, வேளை தவறினாலும் கேடில்லை.