குருதியின் காவலர்கள்

தேஹு ரோடில் படைத்தளவாடக் கிடங்குகளின் வாயிலில் நாள்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். உள்ளே செல்வோர் அடையாளச் சீட்டைக் காட்டுகின்றனர். சீட்டில்லாதவரைக் காவலர் நிறுத்திவிடுகின்றனர். புணே நகரை அடுத்த இவ்வூரில் குடியேறிப் பணிபுரியும் தமிழன்பர்களுக்கு இது பழகிய காட்சியே. நம் குருதியிலும் இத்தகைய காவல் இரவு பகலாக நடைபெறுகின்றது. அக்காவலரையே எதிர்ப்பொருள்கள் என்று கூறுகிறோம்.

உயிரணுவின் அடையாளச் சீட்டு எது? அதன் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் அவற்றுள் முக்கியமானவை. 1952-ஆம் ஆண்டில் டாக்டர் பெண்டேயும் அவர்தம் துணைவர்களும் பம்பாயில் கண்டறிந்து வெளியிட்ட அரிய குருதி வகை இதற்குச் சான்றாகும். அவ்வகையினரிடம், ஏனையோர் அனைவரிடமும் உள்ள ஒரு சர்க்கரை அமைப்பு இல்லை. ஆகவே, எவருக்கும் பொருந்தும் என நாம் கருதும் ஓ வகைக் குருதியையும் அவர்களுடைய எதிர்ப்பொருள்கள் தாக்கிவிடுகின்றன. தன்னிடம் இல்லாத சர்க்கரையைக் குருதி பகையெனக் கருதுகின்றது என்பதே இதன் பொருள்.

விலங்கின் உயிரணுவை மனிதனுக்கோ குரங்கிற்கோ பொருத்தும்போதும் இதுவே நிகழ்கின்றது. பன்றியின் உயிரணுக்களில் ஆல்பா-கால் என்னும் சர்க்கரை உண்டு. மனிதர், மனிதக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் ஆகியோரின் முன்னோர் கோடியாண்டுகளுக்கு முன்னரே அதனை இழந்துவிட்டனர். நம் குடலில் வாழும் சில நுண்ணுயிர்களிடம் அதனையொத்த சர்க்கரை இருப்பதால், குழந்தைப் பருவத்திலேயே அதற்கெதிரான பொருள்கள் நம்மிடம் உருவாகிவிடுகின்றன. பன்றியின் உறுப்பைப் பொருத்தியவுடன் இவை அதன் குருதிக் குழாய்களைப் பற்றிக்கொள்ள, சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ உறுப்பு கறுத்து அழிகின்றது.

உறுப்பன்றித் தனி உயிரணுக்களைப் பொருத்தினாலும் காவலர் உறங்குவதில்லை. 1994-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர்கள், பத்து நீரிழிவு நோயாளிகளுக்குப் பன்றிக் கருவின் கணைய உயிரணுக்களைப் பொருத்திய செய்தியை வெளியிட்டனர். சிலரிடம் அவ்வுயிரணுக்கள் பல மாதங்கள் உயிர்த்திருந்தன. ஆயினும் எதிர்ப்பொருள்களின் அளவு பெருகிற்று. எவருக்கும் இன்சுலின் ஊசியின் தேவை நீங்கவில்லை.

இக்காவலை மதியாததன் விளைவை நம் நாடும் கண்டுள்ளது. 1997 சனவரியில் அஸ்ஸாமின் சோனாப்பூரில் டாக்டர் தனிராம் பருவா ஒரு நோயாளிக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். மறுப்பைத் தடுக்க வழி கண்டதாக அவர் கூறினார். நோயாளி ஒரு வாரமே உயிர் வாழ்ந்தார். மருத்துவர் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். துணிவு மட்டும் ஓர் உயிரைக் காப்பதற்குப் போதாது அன்றோ?

பின்னர் அறிஞர்கள் காவலரை அடக்குவதோடு நில்லாது, சீட்டையே மாற்ற முற்பட்டனர். ஆல்பா-கால் சர்க்கரையை உண்டாக்கும் மரபணு நீக்கப்பட்ட பன்றிகள் 2002-ஆம் ஆண்டில் பிறந்தன. அவற்றின் உறுப்புகள் பபூன் குரங்குகளிடம் பல மாதங்கள் இயங்கின. ஆயினும் குரங்கு மனிதனின் முழுக் கண்ணாடியன்று. பன்றியிடமுள்ள மற்றொரு சர்க்கரை அக்குரங்குகளிடமும் உண்டு, நம்மிடம் இல்லை. ஆதலின் அதற்கெதிரான நம் காவலின் வலிமையைக் குரங்கிடம் சோதித்து அறிய இயலாது.

2022 சனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில், பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயத்தைப் பெற்றவர் இரண்டு மாதங்கள் வாழ்ந்தார். 2025-ஆம் ஆண்டில் பாஸ்டனில் பொருத்தப்பட்ட பன்றிச் சிறுநீரகம் 271 நாட்கள் பணியாற்றிய பின் அகற்றப்பட்டது. ஒரு வாரத்தினின்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இன்னும் செல்ல வேண்டிய வழி நீண்டது.

சிறுநீரகத்திற்காகக் காத்திருப்போர் நம்மிடையேயும் பலர். அவர்களுக்கு நம்பிக்கை வேண்டும். அது ஆராய்ந்து மெய்ப்பிக்கப்பட்ட நம்பிக்கையாதல் வேண்டும். விலங்குறுப்பு எங்கும் கிடைக்கும் காலம் வரும்வரையில், ஒரு மனிதர் மற்றொருவருக்கு மனமுவந்து அளிக்கும் கொடையே அவர்களுக்குப் பெருந்துணை. வாயிற்காவலனைப் பகைத்துக்கொண்டு எவரும் உள்ளே செல்வதில்லை. அவன் ஏற்கும் சீட்டைப் பெற்றே செல்கின்றனர். மருத்துவ அறிவியலும் இன்று பொறுமையுடன் கற்று வருவது அதனையே.