இரண்டு நிமிஷம் முன்னாடியே விழுந்த கோலியாத்!

மே மாத லீவு விட்டதும் சர்ச்சுகளில் ஒரு காய்ச்சல் பரவும். பெயர் வி.பி.எஸ்! 'விடுமுறை வேதாகமப் பள்ளி' என்று முழுப் பெயரைச் சொன்னால் சர்ச் ஆட்களே ஒரு விநாடி முழிப்பார்கள். டவுன் சபை வாலிபர் குழுவிலிருந்து பத்துப் பேர், ஒரு டோலக், ஒரு கட்டு சார்ட் பேப்பர், ஒரு மூட்டை உற்சாகம் சகிதம் கிராமத்துக்குப் போய், பத்து நாள் தங்கி பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பார்கள். சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக் கொள்வார்கள் என்பதுதான் சரி!

இந்த வி.பி.எஸ்ஸின் பூர்வீகம் கொஞ்சம் விவகாரமானது. 1898-ல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், கோடை லீவில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தார். எந்த இடத்தில் தெரியுமா? வாடகைக்குப் பிடித்த ஒரு பீர் ஹாலில்! இதை எங்கள் சபைப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அது ஜிஞ்சர் பீரா இருக்கும்டா" என்று முடித்துவிட்டார்.

எங்கள் கோஷ்டி கிளம்பியது 2009 மே மாதம். மதுரையிலிருந்து போடி மீட்டர் கேஜ் ரயிலில் தேனி. அங்கிருந்து பஸ்ஸில் சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி கம்பம் பக்கம் ஒரு சின்ன கிராமம். (அந்த ரயிலை 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023-ல். நாங்கள் போன வேகத்துக்கு, நிறுத்தாமல் விட்டிருந்தாலும் அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கும்!)

நான் பி.காம். இரண்டாம் வருஷம். அந்த ஒரே பாவத்துக்காக என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஆடு தின்ற சார்ட் பேப்பர் - 3'. 'டிராக்டர் டிரைவருக்கு பீடிக்கட்டு - 1'. ஊர் திரும்பியதும் கணக்குப் பார்த்த கமிட்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "சபைக் காசுல பீடியா? எந்தத் தலைப்புலப்பா எழுதுறது?" என்றார். "போக்குவரத்து" என்றேன். டபுள் என்ட்ரி படித்தவனிடமா!

இந்த ஜில்லாவில் ஊழியப் பயணம் என்றாலே பஸ்தான் வில்லன் போலிருக்கிறது. மதுரை - ராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பிஷப் லெஸ்லி நியூபிகின். 1947-ல் பதவியேற்றபோது வயது 37. தேனிப் பக்கமும் அவர் எல்லைதான். அதற்கெல்லாம் முன்னால் 1936-ல் அவர் இந்தியா வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் முறிந்து, வைத்தியத்துக்குத் தாய்நாடு திரும்ப வேண்டியதாயிற்று. மனுஷர் அசரவில்லை. 1974-ல் ரிட்டயராகி இங்கிலாந்து கிளம்பியபோது, மனைவியோடு தரைவழியாக எதில் போனார் என்கிறீர்கள்? பஸ்ஸில்!

எங்கள் கதைக்கு வருவோம். நாலாம் நாள் தாவீது - கோலியாத் நாடகம். கோலியாத் வேஷத்துக்கு எங்கள் குழுவிலேயே உயரமான அண்ணன். தலையில் அலுமினிய டிபன் கேரியர் தட்டு, கையில் துடைப்பக் கட்டை. தாவீதாக உள்ளூர்ப் பையன் ஒருவனைப் பிடித்தோம். "கவண் சுத்தத் தெரியுமாடா?" என்று கேட்டதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கு என்றால் பன்னீர் திராட்சை. (1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த பழம் என்பார்கள், 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.) அந்தத் தோட்டத்தில் கிளி விரட்டுவதுதான் பையனுக்கு லீவு உத்தியோகம்!

நாங்கள் கொடுத்தது காகித உருண்டை. அது அவன் தொழில் தர்மத்துக்கு ஒத்துவரவில்லை போலும். பையிலிருந்து ஒரு திராட்சைக் காயை எடுத்தான். கோலியாத் "அடேய் சிறுவா" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம்... நெற்றிப் பொட்டில் 'சத்'! இரண்டு பக்க வசனம் பாக்கி இருக்க, அண்ணன் நிஜமாகவே விழுந்தார். ஊரே 'ஒன்ஸ் மோர்' கேட்டது. கோலியாத் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

முதல் நாள் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லவில்லையே. ஐந்து வயசுக்குக் கீழே சேர்ப்பதில்லை என்று எங்கள் லீடர் சட்டம் போட்டிருந்தார். வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இடுப்பில் ஒரு குழந்தை! ஒன்பது வயசிருக்கும் ஒரு பெண், தம்பியோடு வாசலிலேயே நின்றாள்.

"தம்பிய வீட்ல விட்டுட்டு வாம்மா."

"வீட்ல ஆருண்ணே இருக்கா? அம்மா ஏலக்காட்டுக்குப் போயிருச்சு."

அந்தப் பக்கத்தில் ஏராளமான பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். திரும்ப சாயங்காலம் ஆகும். ஸ்கூல் இருந்தால் பிள்ளைகளுக்கு மத்தியானச் சத்துணவு உண்டு. மே மாதத்தில் அதுவும் கிடையாது. எங்கள் பாட்டுக்காகத்தான் இத்தனை கூட்டம் என்று பூரித்துப் போயிருந்த லீடர் முகம் தொங்கிவிட்டது. சட்டம் அன்றைக்கே வாபஸ். நாலு சேலைத் தொட்டில் கட்டினோம். மத்தியானம் தினமும் ஒரு அண்டா தக்காளி சாதம். 'அரிசி' என்ற தலைப்பில் என் நோட்டில் ஓட்டை விழ ஆரம்பித்தது. தொட்டில் டிபார்ட்மெண்ட்டும் பொருளாளர் பொறுப்பில்! தாலாட்டு எனக்குத் தெரியாது. ஐந்தாம் வாய்ப்பாடு சொன்னால் தூங்கினார்கள்.

கடைசி நாள் விழா நாலு மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டினோம். அதே பெண் வந்து நின்றாள். "அம்மா வந்தப்புறம் வைங்கண்ணே. நான் வசனம் சொல்றதை அது பார்க்கணும்ல?" ஏழு மணிக்கு மாற்றினோம். ஏழாயிற்று, ஜீப் வரவில்லை. எட்டு. கரண்ட் வேறு போய்விட்டது. மலை ரோட்டில் ஆட்களை அடைத்துக்கொண்டு வரும் ஜீப் அது. பெரியவர்கள் யாரும் பேசவில்லை, ரோட்டையே பார்த்தார்கள். லீடர் அதே ஆக்‌ஷன் பாட்டை ஆறு தரம் பாடவைத்தார். குட்டித் தாவீது மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஒன்பதேகாலுக்கு அவன்தான் கத்தினான்: "லைட்டு தெரியுது!"

டயர் பஞ்சராம். அவ்வளவுதான். இறங்கிய அம்மாக்கள் தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விழா.

அந்தப் பெண் மேடையேறி ஒரு வார்த்தை பிசகாமல் மொத்த வசனமும் சொன்னாள். கைதட்டல். முன்வரிசையில் அவள் அம்மா, மடியில் கிடந்த பையன் மேலேயே சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். மேடையை விட்டு இறங்கியவள் நேரே போய் அம்மாவின் தோளை உலுக்கினாள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.