ஆயில் 'ஏறிய' மர்மம்! ஓடாத காருக்கு வந்த ஆபத்து!!

வேலூர்,

திருட்டு என்றால் பொருள் குறையும். போலீஸ் ஸ்டேஷனில் நான் பார்த்த புகார் மனுக்கள் எல்லாம் அந்த ரகம்தான். நகை காணோம், சைக்கிள் காணோம், மண்டியில் அடுக்கி வைத்த ஆட்டுத்தோல் காணோம். வைத்த பொருள் தானாகக் கூடிவிட்டது என்று யாரும் மனு கொடுத்ததில்லை.

ஆம்பூரில் என் மாமா கொடுத்தார்!

"டேய், கார்ல ஆயில் ஏறியிருக்குடா" என்றார் போனில்.

மாமா ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். 2 வருஷத்துக்கு முன் பி.எப். பணத்தை எடுத்து ஒரு சின்ன டர்போ பெட்ரோல் கார் வாங்கினார். செகண்ட் ஹேண்ட். "5 வருஷ வண்டி சார், ஓடினது வெறும் 14 ஆயிரம் கிலோ மீட்டர்" என்று புரோக்கர் சொன்னதுமே மனிதர் விழுந்துவிட்டார். ஓடாத வண்டி புது வண்டிக்குச் சமம் என்பது நம் ஊர் நம்பிக்கை. மாமாவும் அதை ஓட்டாமலே வைத்திருந்தார். வீட்டிலிருந்து கம்பெனிக்கு 2 கி.மீ. மதியம் சாப்பிட வந்து போவார். அவ்வளவுதான் ஓட்டம்.

வாடை காட்டிக் கொடுத்தது

ஒரு நாள் காலையில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்திருக்கிறார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. ஊற்றியவர் யாருமில்லை. முகர்ந்தால் பெட்ரோல் வாடை!

வேலூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு போனோம். அவர் ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஆயில் குடிக்கிற வண்டி பாத்திருப்பீங்கண்ணே. இது ஆயிலுக்குப் பெட்ரோல் ஊட்டுற வண்டி" என்றார்.

நடந்தது இதுதான். பழைய கார்களில் பெட்ரோல் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போகும். இப்போது வரும் சின்ன டர்போ கார்கள் பலவற்றில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். 'டைரக்ட் இன்ஜெக்ஷன்' என்று பெயர். அழுத்தம் 200 'பார்' வரையும் அதற்கு மேலும் போகும். டயரில் நாம் அடிக்கிற காற்று 2 'பார்' சொச்சம்தான். கிட்டத்தட்ட 100 மடங்கு!

எஞ்சின் சூடேறாமல் இருக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் விழும். அதில் ஒரு பங்கு ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயிலில் போய்ச் சேரும். எல்லா வண்டியிலும் கொஞ்சம் நடப்பதுதான் இது. ஆயில் நன்றாகச் சூடேறினால் வந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். அந்த ஆவியை எஞ்சினே இழுத்து எரித்துவிடும்.

சூடேற வேண்டுமே! மீட்டரில் முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை. ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். அந்த முள்ளே நடுவுக்கு வருவதற்குள் மாமா கம்பெனி கேட்டில் ஹாரன் அடித்திருப்பார். நாளைக்கு 4 ஸ்டார்ட், 4 முறையும் அரைகுறைச் சூடு. பெட்ரோல் வரவு உண்டு, செலவு இல்லை. கணக்கு எழுதுகிறவருக்கே இந்தக் கணக்கு தெரியவில்லை.

ஏறினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் கலந்த ஆயில் கஞ்சித் தண்ணி மாதிரி ஆகிவிடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஒரு பக்கம் 900 டிகிரி வரை கொதிக்கும் எஞ்சின் புகை வேறு. படலம் மெலிந்தால் இரும்பும் இரும்பும் உரசும். கிராங்க் பேரிங், டைமிங் செயின் எல்லாம் தேயும். வெளியே சத்தம் கேட்கிறபோது காரியம் மிஞ்சியிருக்கும்.

சீனாவில் நடந்தது

இது ஆம்பூர் அதிசயம் அல்ல. 2018-ல் சீனாவையே ஒரு கலக்கு கலக்கியது. ஹோண்டா கம்பெனியின் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின் போட்ட சி.ஆர்.வி., சிவிக் கார்களில் குளிர்ப் பிரதேசங்களில் ஆயில் அளவு ஏறுவதாகப் புகார் குவிந்தது. மூன்றரை லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரி செய்வதாகக் கம்பெனி சொன்னது. 'இந்தத் திட்டம் போதாது' என்று சீன அரசு திருப்பி அடித்தது. புது சி.ஆர்.வி. விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அதே எஞ்சினுக்கு வாரண்டி காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள்.

"அது பனி கொட்டுற ஊர். நம்ம கத்திரி வெயில்ல எந்த எஞ்சின் குளிரப் போகுது?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. வேலூர் வெயில் பாதி காப்பாற்றத்தான் செய்கிறது. ஆனால் 40 டிகிரி வெயிலில் நிற்கிற காரிலும் ஆயிலின் சூடு 40 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அது 90, 100 டிகிரிக்குப் போக வேண்டும். மீதியை ஓட்டம்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, சி.எம்.சி. ஆஸ்பத்திரி முன்னால் ஏ.சி. போட்டுக் கொண்டு நகராமல் நிற்கிறோமே, அப்போது கிலோ மீட்டர் ஏறாது. ஆயிலுக்கு மட்டும் வயசு ஏறும்.

இந்த ரக கார்கள் நமக்கு அந்நியமும் அல்ல. 2013-ல் போர்டு எக்கோஸ்போர்ட் 1 லிட்டர் டர்போ மறைமலைநகரில் இருந்து வந்தது. 2019-ல் ஹூண்டாய் வென்யூ, இருங்காட்டுக்கோட்டையில் இருந்து. இரண்டும் நேராகப் பீய்ச்சுகிற ரகம். 2020-ல் ஒரகடத்தில் இருந்து வந்த நிசான் மேக்னைட் டர்போவில் அந்த முறை இல்லை. இவற்றில் கோளாறு என்று சொல்ல வரவில்லை. டர்போ என்றால் எல்லாம் ஒன்றல்ல, உங்கள் வண்டி எந்த ரகம் என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள் என்கிறேன்.

புரட்டாத பக்கம்

'10 ஆயிரம் கி.மீ. அல்லது 1 வருஷம்' என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. பல கார்களின் கையேட்டில் 'கடுமையான உபயோகம்' என்று இன்னொரு பக்கம் இருக்கும். அங்கே கெடு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ரேஸ் ஓட்டுகிறவனுக்கு என்று நினைத்துப் புரட்டிவிடுகிறோம். குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று போவது, தூசி, வெயில் என்று அங்கே போட்டிருப்பது ஆம்பூர்க்காரனைத்தான்!

15 நாளுக்கு ஒரு முறை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவைக் குறித்து வையுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயில், பில்டர் இரண்டையும் மாற்றுங்கள். கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாது, மிச்சம் இருப்பதும் கெட்ட ஆயில்தான். 'கெட்டி ஆயில் ஊத்திடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். டப்பாவில் 'ஏ.பி.ஐ. எஸ்.பி.' முத்திரை இருந்தால் நல்லது. 2020-ல் வந்த தரம் அது. சின்ன டர்போ எஞ்சின்களின் தொல்லையை மனதில் வைத்தே போட்டது.

சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும். காலி டப்பாவைக் கையோடு கிழித்துப் போடுங்கள். நல்ல டப்பாவில் கழிவு ஆயில் திரும்பி வருவது என் பீட்டில் பழைய செய்தி.

டீசல் வண்டிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு டீசல் கார்களில் கரியை எரிக்க ஒரு பில்டர் இருக்கிறது. அது எரிகிறபோது கூடுதல் டீசல் விழும். பாதியில் பாதியில் வண்டியை நிறுத்தினால் அந்த டீசலும் ஆயிலில்தான் போய் விழும். விளக்கு எரிந்தால் பை-பாஸுக்குக் கிளம்புங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கிலோ மீட்டரை மட்டும் கேட்காதீர்கள். ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள், தேதியோடு. மாமா வாங்கிய வண்டிக்கு 3 வருஷத்தில் ஒரே ஒரு பில்தான் இருந்தது.

மாமாவுக்கு 4 ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. இப்போது 6 மாதத்துக்கு ஒரு ஆயில். கம்பெனிக்கு சைக்கிள். சனிக்கிழமை தோறும் அத்தையை ஏற்றிக் கொண்டு பள்ளிகொண்டா ரங்கநாதர் கோவிலுக்குப் போகிறார். போக அரை மணி, வர அரை மணி. அத்தை பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக் கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை டிப் ஸ்டிக்கை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. வாடை இல்லை.