கூடுதலாக ஓர் இலை

மறைக்கல்வி வகுப்பொன்றில், "போலிஷ் மக்கள் என்றால் யார், தெரியுமா?" என்று சிறுவர்களைக் கேட்டோம். முதல் வரிசையில் இருந்த ஒருவன் சட்டென எழுந்து, "செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர்கள், ஃபாதர்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். அன்று மாலை பங்கு மனைத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டோம். "பாப்பரசர் பிறந்த நாடு, அங்கே எல்லாரும் புனிதர்கள்தாம்" என்றார் ஒருவர். "கடுங்குளிர் நாடு, குடிக்காமல் இருக்கமாட்டார்கள்" என்றார் மற்றொருவர். அவர்களுள் எவரும் ஒரு போலந்துக்காரரையேனும் கண்டு பேசியவர் அல்லர். ஆயினும் விடை சொல்ல ஒருவருமே தயங்கவில்லை!

போலந்து மக்களுக்கு உலகம் சூட்டிய பெயர்கள் பல. சீர்கெட்ட நிருவாகத்தைப் 'போலந்து நிருவாகம்' என்று ஜெர்மானியர் வழங்கினர். அளவு மீறிக் குடித்தவனைப் 'போலந்துக்காரன்போல் குடித்திருக்கிறான்' என்று கூறுவது பிரெஞ்சுக்காரர் வழக்கு. அமெரிக்காவிலோ போலந்துக்காரரை அறிவிலிகளாகக் காட்டும் துணுக்குகள் 1960-களிலும் 1970-களிலும் வாய்க்கு வாய் உலவின. நம் நாட்டில் சீக்கிய சகோதரரைப் பற்றிச் சொல்லப்படும் துணுக்குகளைப் போன்றவையே அவை.

இப்பேச்சுக்கள் எவ்வாறு பிறந்தன? 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அண்டைப் பேரரசுகள் போலந்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை. நாட்டைப் பறித்துக்கொண்டவன், 'இவர்களுக்கு ஆளத் தெரியாது' என்று சொன்னால்தானே அவன் செய்த பறிப்பு நியாயமாகும்? பிழைப்புத் தேடி வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், சிகாகோ நகரின் இறைச்சிக் கூடங்களுக்கும் சென்ற ஏழைகள் அந்நிய மொழியில் தட்டுத் தடுமாறினர். அத்தடுமாற்றத்தை உள்ளூரார் அறிவின்மை என்று எண்ணினர். வார இறுதியில் சோர்வு தீர ஒருவன் குடித்தால், அவன் இனம் முழுவதும் குடிகார இனமாயிற்று.

இது நமக்குப் புதிய கதையன்று. நாமக்கல் லாரி ஓட்டுநர்களையும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுடன் வடமாநிலங்கள் எங்கும் செல்லும் நம் பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சாலையோர உணவகத்தில், 'மதராசி' என்ற ஒரே சொல்லுக்குள் தம்மை அடக்கிவிடும்போது அவர்கள் உள்ளம் படும் பாட்டை அவர்களே சொல்வர்.

போலந்து நமக்கு அத்தனை தொலைவான நாடும் அன்று. நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் கிளைக் கோவில்களுக்குச் சென்று வந்தது ஒரு பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில். பால்காரர்கள் இருபுறமும் கேன்களைக் கட்டிக்கொண்டு ஓட்டிய அதே வண்டிதான். எஸ்.எச்.எல். என்னும் போலந்து வண்டியின் அமைப்பைத் தழுவியே எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் அதனை நம் நாட்டில் உருவாக்கினர் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். நம் இல்லங்களின் சுவரில் தொங்கும் இறை இரக்கத்தின் படமும், 1938-இல் தம் 33-ஆம் வயதில் இறந்த பவுஸ்தினா என்ற போலந்துக் கன்னியர் கண்ட காட்சியிலிருந்து பிறந்ததே.

வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1935-இல் இந்தியா வந்து, உமாதேவி என்ற பெயருடன் வாழ்ந்தார். அவரது சமயப் பாதை நம்முடைய பாதை அன்று. ஆயினும், நம் வள்ளுவரின் திருக்குறளைப் போலந்து மொழியில் பெயர்த்து, 1958-இல் சென்னையிலிருந்து வெளியிட்டவர் அவரே. முதுமையில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்காக உழைத்து, 1971-இல் மைசூரில் இறந்தார். போலந்து மொழியில் ஓர் அடியேனும் நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இனி, 'அங்கே எல்லாரும் புனிதர்கள்' என்ற பேச்சுக்கு வருவோம். இதுவும் அன்பினால் சொல்லப்படும் ஒரு தவறே. இரண்டாம் ஜான் பால் என்று செய்தித்தாள்களும், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் என்று நம் கோவில்களும் அழைத்த திருத்தந்தை, 1986 பிப்ரவரி 5 அன்று சென்னைக்கு வந்து பரங்கிமலையில் செபித்தார். அன்று பள்ளி மாணவராயிருந்த நாம், கூட்டத்தினூடே தொலைவில் அந்த வெண்ணுடையைக் கண்டதையே பெரும்பேறாக எண்ணினோம். அவர் நாட்டில் கோவில்கள் எந்நாளும் நிரம்பி வழியும் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். ஆனால் அந்நாட்டுத் திருச்சபையே எடுத்த 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஞாயிறு கடனுக்கு உட்பட்டோரில் பத்தில் மூவர் அளவே திருப்பலியில் பங்கேற்றனர்.

நன்மையும் தீமையும் அம்மண்ணிலும் அருகருகே விளைந்தன. 1941 ஜூலையில், ஜெர்மானியர் ஆட்சியின்கீழ் இருந்த ஜெத்வாப்னே என்ற ஊரில், யூதக் குடும்பங்களைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்தவர்களுள் அவர்தம் அண்டை வீட்டுப் போலந்துக்காரரே இருந்தனர். அதே நாட்டின் மார்க்கோவா என்ற சிற்றூரில், உழவரான யோசேப்பு உல்மாவும் அவர் மனைவி விக்டோரியாவும் எட்டு யூதர்களைத் தம் இல்லத்தில் மறைத்து வைத்தனர். 1944 மார்ச் 24 அன்று ஜெர்மானியக் காவலர் அந்த எண்மரையும், கருவுற்றிருந்த விக்டோரியாவையும், அவர் கணவரையும், ஆறு குழந்தைகளையும் சுட்டுக் கொன்றனர். 2023-இல் அக்குடும்பம் முழுவதும், பிறக்கவிருந்த சிசு உட்பட, அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அவர்கள் இல்லத்து விவிலியத்தில் நல்ல சமாரியர் உவமை கோடிட்டு வைக்கப்பட்டிருந்ததாம். ஜெத்வாப்னேயாரும் போலந்துக்காரரே; உல்மா குடும்பத்தாரும் போலந்துக்காரரே. இவ்விருவரையும் எந்த ஒரு சொல்லால் அளப்பது?

நம் நாடும் ஒரு காலத்தில் போலந்து மக்களுக்கு வாசல் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் முகாம்களிலிருந்து தப்பி வந்த நூற்றுக்கணக்கான போலந்துக் குழந்தைகளுக்கு, 1942-இல் ஜாம்நகர் அரசர் திக்விஜய்சிங்ஜி பாலாச்சடியில் புகலிடம் அளித்தார். அவர்கள் அவரைத் தந்தை என்று பொருள்படும் 'பாப்பு' என்ற சொல்லால் அழைத்தனர். கோலாப்பூர் அருகே வலிவடேயில் ஏறத்தாழ 5,000 போலந்து மக்கள் 1948 வரை தங்கியிருந்தனர். 'நல்ல மகாராஜா' என்ற பெயரில் இன்றும் வார்சா நகரில் ஒரு சதுக்கம் உண்டு. அக்கடனைத் தீர்க்க வந்தவர்போல் மரியான் ஜெலாசெக் என்ற போலந்துக் குரு 1950-இல் ஒடிசாவுக்கு வந்தார். தாக்கௌ வதைமுகாமில் ஐந்தாண்டுகள் கிடந்து உயிர் பிழைத்த அவர், 1975 முதல் 2006-இல் இறக்கும் வரை பூரி நகரின் தொழுநோயாளரிடையே வாழ்ந்தார்.

போலந்து இல்லங்களில் கிறிஸ்து பிறப்பின் முந்தைய மாலை ஒரு வழக்கம் உண்டு. வானில் முதல் விண்மீன் தோன்றியதும் குடும்பத்தார் மெல்லிய அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்து, ஒருவரையொருவர் மன்னித்து வாழ்த்துவர். உணவு மேசையில் எப்போதும் ஓர் இடம் கூடுதலாக வைக்கப்படும். எதிர்பாராத விருந்தினர் எவரேனும் கதவைத் தட்டினால் அவருக்கு அந்த இடம். 'விருந்தினர் வீட்டிற்கு வந்தால் கடவுளே வீட்டிற்கு வந்தார்' என்பது அவர்கள் பழமொழி.

இதனை எழுதும்போது நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றை வாசகர்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியின்போது, கோவிலின் பின்தூண் அருகே ஐந்து இளைஞர்கள் நின்றனர். கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள். கண்கள் சிவந்திருந்தன. குடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நாம் முடிவு செய்தோம். உபதேசியாரை அழைத்து, உண்டியல் அருகே நிற்கச் சொன்னோம். நற்கருணை வேளையில் அந்த ஐவரும் கைகுவித்து வரிசையில் வந்து நம் எதிரே நின்றனர்.

அவர்கள் சுந்தர்கர் மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். இரவு ஒன்பது மணி வரை வண்டியில் முட்டை ஏற்றிவிட்டு, எட்டு கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தார்கள். தூக்கமின்மையால் கண்கள் சிவந்திருந்தன. திருப்பலி முடிந்தபின் பங்கு மனையில் நாம் பலகாரம் உண்டோம். அவர்களையும் உண்ண அழைக்க வேண்டும் என்பது, அவர்கள் இருளில் நடந்து மறைந்த பின்னரே நமக்குத் தோன்றிற்று.

மறு ஆண்டு, திருவிழா அன்று அப்பண்ணைக்கு ஆள் அனுப்பி அவர்களை அழைத்து, பங்கு மனையில் இலை போட்டோம். ஐவரில் இருவரே வந்தனர். ஏனையோர் வேறு எங்கோ வேலைக்குச் சென்றுவிட்டார்கள். எங்கே என்று இவர்களுக்கும் தெரியவில்லை. மூன்று இலைகள் வெறுமையாகவே கிடந்தன.

அன்புக் குடும்பத்தாரே, நம் விசைத்தறிக் கூடங்களிலும் நூற்பாலைகளிலும் பண்ணைகளிலும் இத்தகைய பிள்ளைகள் எத்தனையோ பேர் உழைக்கின்றனர். 'வடக்கத்தியான்' என்ற ஒரு சொல்லுக்குள் அவர்களையும் நாம் அடைத்துவிட வேண்டாம். ஒருவனின் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், தாய் நலமா என்று கேளுங்கள். வரும் கிறிஸ்து பிறப்பு நாளில் உங்கள் இல்லத்தில் கூடுதலாக ஓர் இலை போடுங்கள். வருகிறவர் யாராயினும், அவர் உண்ட பின்னர் அவரைப் பற்றிப் பேசுவோம்.